சுருளுக்குள் ஒரு வெள்ளிக்காசு

அமெரிக்க நாட்டின் வங்கியொன்றில் வாடிக்கையாளர் ஒருவர் 500 டாலருக்குரிய தாள்களைக் கொடுத்து, அவற்றுக்கு ஈடாக அரை டாலர் நாணயங்களைக் கேட்கிறார். கனமான ஓர் அட்டைப் பெட்டி அவருக்குத் தரப்படுகிறது. பெட்டிக்குள் ஐம்பது காகிதச் சுருள்கள். சுருள் ஒன்றில் இருபது நாணயங்கள். மொத்தம் ஆயிரம் நாணயங்கள். எடை பதினொரு கிலோவுக்கும் மேல். அவர் அதை வீட்டுக்குச் சுமந்து செல்கிறார். சுருள்களைப் பிரித்து ஒவ்வொரு நாணயத்தையும் விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். ஓரிரண்டை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டு, எஞ்சியவற்றை மீண்டும் சுருட்டி மறுநாள் வேறொரு வங்கியில் செலுத்துகிறார். அடுத்த கிழமை மற்றொரு பெட்டியுடன் திரும்புகிறார்.

பணத்தைப் பணமாகவே மாற்றி, மீண்டும் பணமாகவே திருப்பிக் கொடுக்கும் இச்செயல் புறத்தே நின்று காண்போருக்கு வீண்வேலையாகத் தோன்றும். ஆயினும், இதனைப் பல்லாண்டுகளாக விடாது செய்துவருவோர் அந்நாட்டில் பலர் உள்ளனர். அவர்கள் தேடுவன இரண்டு. ஒன்று, வெள்ளி கலந்த பழைய நாணயம். மற்றொன்று, அச்சிடும்போது பிழை நேர்ந்த நாணயம். இவ்விரண்டும் சாதாரண நாணயங்களோடு கலந்து வங்கியின் காகிதச் சுருளுக்குள் எவ்வாறு வந்தன என்பதை அறிய, ஒரு சட்டத்தின் கதையை முதலில் அறிதல் வேண்டும்.

காகிதச் சுருள்

அமெரிக்காவில் கடைகளுக்கும் பிற வாடிக்கையாளர்களுக்கும் தேவையான சில்லறையை வங்கிகள் எண்ணிக்கை குறித்த காகிதச் சுருள்களாக வழங்குகின்றன. ஒரு சென்ட் நாணயங்கள் ஐம்பது. ஐந்து சென்ட் நாணயங்கள் நாற்பது. பத்து சென்ட் நாணயங்கள் ஐம்பது. கால் டாலர் நாணயங்கள் நாற்பது. அரை டாலர் நாணயங்கள் இருபது. இந்த எண்ணிக்கை மாறுவதில்லை. எனவே, சுருளைப் பிரித்து எண்ணாமலேயே அதன் மதிப்பை அறியலாம்.

சுருள்கள் இருவகைப்படும். காவல் வண்டிகளில் பணம் கொண்டு செல்லும் நிறுவனங்கள் இயந்திரத்தால் சுற்றி அனுப்புபவை ஒருவகை. பொதுமக்கள் தம் வீட்டு உண்டியலில் சேர்த்ததைத் தம் கையாலேயே சுற்றி வங்கியில் கொடுப்பவை மற்றொரு வகை. தேடுவோர் பெரிதும் விரும்புவது கையால் சுற்றிய சுருளையே. இயந்திரச் சுருளில் பல ஊர்களின் நாணயங்கள் கலந்திருக்கும். கைச்சுருளிலோ, எவரோ ஒருவர் நாற்பது ஆண்டுகளாக அலமாரியில் மூடி வைத்திருந்த சேமிப்பு அப்படியே இருக்கக்கூடும்.

வெள்ளி நீங்கிய ஆண்டு

1964 வரை அமெரிக்காவின் பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் நாணயங்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளியும் பத்துப் பங்கு செம்பும் கலந்து அடிக்கப்பட்டன. ஓர் அரை டாலரின் எடை 12.5 கிராம், அதில் வெள்ளி மட்டும் 11.25 கிராம். வெள்ளியின் விலை அவுன்சுக்கு ஏறத்தாழ 1.38 டாலரைத் தொட்டால், நாணயத்தில் உள்ள வெள்ளியின் மதிப்பும் அதன்மேல் பொறித்த ஐம்பது சென்ட் மதிப்பும் சமமாகிவிடும். விலை அதற்கும் மேலே சென்றால், நாணயத்தைச் செலவழிப்பதைவிட உருக்கி விற்பதே இலாபமாகும். 1960களின் தொடக்கத்தில் விலை அந்த எல்லையை நெருங்கிக்கொண்டிருந்தது. மக்கள் வெள்ளி நாணயங்களை ஒதுக்கி வைக்கத் தொடங்கினர். நாட்டில் சில்லறைத் தட்டுப்பாடு தோன்றியது.

இந்நிலையில், 1965 சூலை 23 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் சான்சன் புதிய நாணயச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதன்படி பத்து சென்ட், கால் டாலர் நாணயங்களிலிருந்து வெள்ளி முற்றிலும் நீக்கப்பட்டது. நடுவே தூய செம்பு, இருபுறமும் செம்பும் நிக்கலும் கலந்த வெண்ணிற உலோகத் தகடு என மூன்றடுக்கு நாணயம் பிறந்தது. அரை டாலரில் மட்டும் வெள்ளி முழுதும் நீங்கவில்லை. தொண்ணூறு விழுக்காடு நாற்பதாகக் குறைக்கப்பட்டது. அந்த நாற்பதும் 1970உடன் முடிந்தது. 1971 முதல் அன்றாடப் புழக்கத்திற்கென அடிக்கப்பட்ட அரை டாலரில் வெள்ளி இல்லை.

சட்டத்தில் கையொப்பமிட்ட அன்று சான்சன் மக்களுக்கு ஓர் உறுதி கூறினார். கருவூலத்தில் வெள்ளி போதிய அளவு உள்ளது. அதைக் கொண்டு விலை கட்டுக்குள் வைக்கப்படும். ஆதலால் நாணயங்களைப் பதுக்குவோர் இலாபம் காணமாட்டார்கள் என்பது அதன் சாரம். அவ்வுறுதி இரண்டு ஆண்டுகளே தாங்கியது. 1967இல் கருவூலம் பழைய விலைக்கு வெள்ளி விற்பதை நிறுத்திக்கொண்டது. அவ்வாண்டே வெள்ளி நாணயங்களை உருக்குவதற்குத் தடை விதிக்கப்பட்டது. 1969இல் அத்தடையும் நீக்கப்பட்டது. 1980 சனவரியில் வெள்ளி விலை அவுன்சுக்கு ஏறத்தாழ 50 டாலர் வரை ஏறியபோது, தொண்ணூறு விழுக்காடு வெள்ளி கொண்ட ஓர் அரை டாலரில் பதினெட்டு டாலர் பெறுமான வெள்ளி இருந்தது. அக்காலத்தில் பெருந்தொகையான நாணயங்கள் உலைக்குச் சென்றன.

மதிப்புக் குறைந்த உலோகத்தால் ஆன நாணயமும் மிகுந்த உலோகத்தால் ஆன நாணயமும் ஒரே விலைக்குச் செல்லுமாயின், மக்கள் முதலாவதைச் செலவழித்து இரண்டாவதைப் பூட்டி வைப்பர். நல்ல நாணயம் புழக்கத்திலிருந்து மறையும். பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த தாமசு கிரசாம் என்னும் வணிகரின் பெயரால் பொருளியலார் இதனைக் கிரசாம் விதி என்பர். சுருள்களைத் தேடுவோர் இவ்விதியின் கண்ணிகளில் எஞ்சிய ஓட்டைகளையே நம்பியுள்ளனர். எவரும் கவனியாததால் தப்பிய நாணயம், அறியாமையால் செலவழிக்கப்பட்ட நாணயம், முதியவர் ஒருவர் மறைந்தபின் அவருடைய பெட்டியிலிருந்து வங்கிக்கு வந்த நாணயம் ஆகியனவே அவர்களுடைய கைக்கு அகப்படுகின்றன.

அரை டாலர் ஏன்?

பத்து சென்ட்டும் கால் டாலரும் நாள்தோறும் பல கைகள் மாறுவன. அவற்றிலிருந்த வெள்ளியைப் பல்லாயிரம் கண்கள் ஏற்கெனவே பொறுக்கி எடுத்துவிட்டன. அரை டாலரின் கதை வேறு. 1963 நவம்பரில் குடியரசுத் தலைவர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டபின், 1964 மார்ச்சில் அவருடைய உருவம் பொறித்த அரை டாலர் வெளிவந்தது. மக்கள் அதனைச் செலவழிக்க மனமின்றி நினைவுப்பொருளாக வைத்துக்கொண்டனர். நாளடைவில் கடைகளின் கல்லாப்பெட்டியிலும் விற்பனை இயந்திரங்களிலும் அந்நாணயத்துக்கு இடமின்றிப் போயிற்று. வங்கிப் பெட்டகங்களிலும் வீட்டு அலமாரிகளிலும் அது உறங்கிக் கிடந்தது. மேலும், 1965 முதல் 1970 வரையிலான அரை டாலர்களில் நாற்பது விழுக்காடு வெள்ளி உண்டு என்பதைப் பலர் அறியார். 1964ஐ மட்டும் தேடி எடுத்துவிட்டு அவற்றை அப்படியே செலுத்தியோர் பலர்.

வெள்ளியைக் கண்டறியும் வழி எளியது. சுருளிலிருந்து கொட்டிய நாணயங்களை நெருக்கமாக அடுக்கிப் பக்கவாட்டில் நின்று விளிம்பைப் பார்த்தல் வேண்டும். வெள்ளியற்ற நாணயத்தின் விளிம்பில் நடுவே செம்பின் பழுப்புக் கோடு தெளிவாகத் தெரியும். தொண்ணூறு விழுக்காட்டு நாணயத்தின் விளிம்பு முழுதும் வெண்மை. நாற்பது விழுக்காட்டு நாணயமே கண்ணை ஏமாற்றுவது. அதன் விளிம்பில் மங்கிய சாம்பல் நிறம் படர்ந்திருக்கும். உற்று நோக்காதவர் தவறவிடுவர். ஐயம் எழுந்தால் ஆண்டைப் பார்க்கலாம், எடையும் போடலாம். தொண்ணூறு விழுக்காட்டு அரை டாலர் 12.5 கிராம், நாற்பது விழுக்காட்டு நாணயம் 11.5 கிராம், வெள்ளியற்றது 11.34 கிராம். ஓசையும் துணைசெய்யும். வெள்ளி நாணயத்தைச் சுண்டினால் எழும் ஒலி நீண்டு ஒலிக்கும். மற்றது 'டக்' என்று அடங்கிவிடும்.

சுண்டிப் பார்த்துக் காசு வாங்கும் வழக்கம் நம் ஊர்ச் சந்தைகளிலும் இருந்ததே. நாணயத்தின் தரத்தை ஆராய்பவரைப் பழந்தமிழ் 'வண்ணக்கன்' என்றது. சங்கப் புலவர் சிலரின் பெயரோடும் அச்சொல் ஒட்டியுள்ளது.

ஐந்து சென்ட் நாணயத்திலும் ஒரு புதிர் உண்டு. பேச்சுவழக்கில் அதன் பெயரே 'நிக்கல்'. இரண்டாம் உலகப் போரின்போது நிக்கல் போர்த் தளவாடங்களுக்குத் தேவைப்பட்டது. ஆகவே, 1942ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் 1945 வரை அந்நாணயத்தில் நிக்கலை விடுத்து, நூற்றுக்கு 35 பங்கு வெள்ளியைச் சேர்த்து அடித்தனர். விலை மிகுந்த உலோகத்தை இட்டு மலிவான உலோகத்தை மிச்சப்படுத்திய காலம் அது! வேறுபாடு தெரியும்பொருட்டு, மறுபக்கத்திலுள்ள மாளிகையின் குவிமாடத்துக்கு மேலே நாணயச்சாலையின் எழுத்தைப் பெரிதாகப் பொறித்தனர். அவ்வெழுத்தே இன்று தேடுவோருக்கு அடையாளம்.

இந்தியாவில் நிகழ்ந்தது

இத்தகைய தேடல் இந்தியாவில் ஏன் வேரூன்றவில்லை என்னும் வினா எழுவது இயல்பு. இங்கும் வெள்ளி ரூபாய் இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சிக்கால ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. போர்க்கால நெருக்கடியால் 1940இல் அது பாதியாகக் குறைக்கப்பட்டது. புலி உருவம் பொறித்த 1947ஆம் ஆண்டு ரூபாய் முழுக்க நிக்கலால் ஆனது. இவ்வளவும் அமெரிக்கக் கதையை ஒத்ததே. வேறுபாடு ஒன்றில்தான். உயர்ந்த வெள்ளி கொண்ட பழைய ரூபாய்கள் 1940களின் தொடக்கத்தில் செல்லாதவை என அறிவிக்கப்பட்டுத் திரும்பப் பெறப்பட்டன. அமெரிக்க அரசோ 1964க்கு முற்பட்ட நாணயங்களைச் செல்லாக்காசு ஆக்கவில்லை. இன்றும் ஒரு வெள்ளிக் கால் டாலரைக் கடையில் நீட்டினால் அது கால் டாலராகவே செல்லும். அதனாலேயே அது வங்கிக்கு வருகிறது; சுருளுக்குள் நுழைகிறது; தேடுவோர் கையில் அகப்படுகிறது. இந்தியாவில் பழைய வெள்ளி ரூபாய் நகைக்கடைக்கும் பூசை அறைக்கும் உரியதாயிற்று. வங்கிக்கு வரும் வழி அடைபட்டது.

பிழையின் விலை

வெள்ளி நாணயத்தின் மதிப்பு அதன் உலோகத்தில் உள்ளது. பிழை நாணயத்தின் மதிப்பு அதன் அருமையில் உள்ளது. அதில் உலோகம் செம்போ துத்தநாகமோ எதுவாயினும் ஆகலாம்.

நாணயம் பிறக்கும் முறையை அறிந்தாலன்றிப் பிழையை அறிய இயலாது. முதலில், நீண்ட உலோகத் தகட்டிலிருந்து வட்டமான வில்லைகள் வெட்டப்படுகின்றன. அவை சூடேற்றி மென்மையாக்கப்பட்டு, ஓரம் சற்றே உயர்த்தப்படுகின்றன. பின்னர் வில்லை ஒரு வளையத்துக்குள் அமர்த்தப்பட்டு, மேலும் கீழுமாக இரண்டு அச்சுகளால் பேரழுத்தத்துடன் அடிக்கப்படுகிறது. இவற்றுள் எந்தப் படியிலும் தவறு நேரலாம். முன்பு வெட்டிய ஓட்டையின் மேலேயே வெட்டுக்கருவி மீண்டும் விழுந்தால், பிறை வடிவில் ஒரு துண்டு குறைந்த வில்லை கிடைக்கும். வில்லை சரியாக அமராமல் அடிபட்டால், உருவம் ஒருபுறம் ஒதுங்கி மறுபுறம் வெறுமையாக இருக்கும். வளையமின்றி அடிபட்டால் நாணயம் தட்டையாகப் பரந்துவிடும். அச்சில் விரிசல் கண்டால், அவ்விரிசல் நாணயத்தில் மெல்லிய மேடாகப் பதியும்.

பிழைகளுள் புகழ்பெற்றது 'இரட்டை அச்சு'. அச்சையே உருவாக்கும்போது, மூல உருவத்தை அதில் ஒருமுறைக்கு மேல் அழுத்துவது பழைய வழக்கம். இரண்டாம் முறை அச்சு சிறிது திரும்பியிருந்தால், எழுத்துகளும் எண்களும் இரட்டையாகப் பதிந்துவிடும். பின்னர் அவ்வச்சால் அடிபடும் ஒவ்வொரு நாணயத்திலும் அப்பிழை தொடரும். 1955இல் பிலடெல்பியா நாணயச்சாலையில் இவ்வாறு ஒரு சென்ட் நாணயங்கள் அடிக்கப்பட்டன. தவறு தெரியவந்தபோது அவை பிற நாணயங்களுடன் கலந்துவிட்டிருந்தன. அனைத்தையும் அழிக்க மனமின்றி வெளியே அனுப்பிவிட்டனர். இருபதாயிரத்திற்கும் மேல் வெளியே சென்றன என்பது பொதுவான மதிப்பீடு. அக்காலத்தில் விற்பனை இயந்திரத்தில் கால் டாலர் இட்டால் 23 சென்ட் விலையுள்ள சிகரெட் பெட்டி வரும்; மீதி இரண்டு சென்ட் பெட்டியின் கண்ணாடித்தாளுக்குள்ளேயே செருகப்பட்டிருக்கும். அந்தச் சில்லறையில் பலர் இரட்டை எழுத்து நாணயத்தைக் கண்டனர்.

ஆனால், இரட்டையாகத் தோன்றுவன எல்லாம் இரட்டை அச்சு அல்ல. அடிக்கும் கணத்தில் தளர்ந்த அச்சு நழுவினாலும் எழுத்தருகே ஒரு தட்டையான நிழல் படியும். அதற்கு விலை ஏதும் இல்லை. துணி உலர்த்தும் இயந்திரத்தில் சிக்கி நெடுநேரம் சுழன்று விளிம்பு மழுங்கிய நாணயத்தையும், அமிலத்தில் கரைந்து மெலிந்த நாணயத்தையும் அரிய பிழை என்றெண்ணிப் பெட்டியில் பூட்டி வைத்தவர் பலர். நாணயச்சாலைக்குள் நேர்ந்ததே பிழை; வெளியே நேர்ந்தது சேதம். இந்த ஒரு வேறுபாட்டைக் கற்கவே தொடக்கநிலையினருக்கு ஓராண்டு பிடிக்கும். பளபளப்பாக்கும் ஆவலில் நாணயத்தைத் தேய்த்துத் துலக்குவோர் உள்ளதையும் இழப்பர்; துலக்கிய நாணயத்தைச் சேகரிப்போர் விரும்புவதில்லை.

பள்ளி மாணவன் கண்ட சென்ட்

1943இல் போருக்குச் செம்பு தேவைப்பட்டதால், ஒரு சென்ட் நாணயம் துத்தநாகம் பூசிய எஃகால் அடிக்கப்பட்டது. அது வெள்ளைவெளேரென்று இருக்கும், காந்தத்தில் ஒட்டும். 1947இல் மாசசூசெட்சு மாநிலத்தின் பிட்சுபீல்டு என்னும் ஊரில், பதினாறு வயது மாணவன் ஒருவன் பள்ளி உணவகத்தில் பெற்ற சில்லறையில், செம்பு நிறத்தில் ஒரு 1943 சென்ட் இருப்பதைக் கண்டான். அத்தகைய நாணயத்தைக் கொண்டுவருவோருக்கு ஃபோர்டு நிறுவனம் ஒரு மகிழுந்து தரும் என்னும் வதந்தி அந்நாளில் உலவியது. அவன் விசாரித்தான், வதந்தி பொய் என்று தெரிந்தது. கருவூலத்திடம் கேட்டான், அவ்வாண்டின் சென்ட்டுகள் அனைத்தும் எஃகே என்று விடை வந்தது.

மகிழுந்தும் இல்லை, அரசின் ஏற்பும் இல்லை. ஆயினும், தன் கண் கண்டதை அவன் நம்பினான். நாணயத்தை விற்காமல் வாழ்நாள் முழுதும் வைத்திருந்தான். முந்தைய ஆண்டின் வெண்கல வில்லைகள் சில கலன்களின் இடுக்கில் தங்கியிருந்து, பின்னர் அச்சுக்குள் விழுந்திருக்கலாம் என்பதே இன்று கூறப்படும் விளக்கம். அத்தகையன விரல்விட்டு எண்ணத்தக்க அளவே அறியப்பட்டுள்ளன. 2019 சனவரியில் அவருடைய நாணயம் ஏலத்தில் 2,04,000 டாலருக்கு விற்கப்பட்டது.

இச்செய்தி பரவப் பரவப் போலிகளும் பெருகின. எஃகு நாணயத்துக்குச் செம்பு முலாம் பூசுவர். அல்லது 1948ஆம் ஆண்டு நாணயத்தில் எட்டைச் செதுக்கி மூன்றாக்குவர். முன்னதைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். பின்னதை உருப்பெருக்கி காட்டிக்கொடுக்கும். தமிழில் 'நாணயம்' என்னும் சொல்லே நேர்மையையும் குறிப்பது. நாணயமற்ற நாணயம் என்று இவற்றைச் சொல்லலாம்.

கிடைப்பதும் கிடைக்காததும்

இவ்வேலையை வருமானம் என்று எண்ணித் தொடங்குவோர் விரைவில் சலிப்படைகின்றனர். ஆயிரம் நாணயங்களைப் பார்த்தும் ஒரு வெள்ளிகூட அகப்படாத பெட்டிகள் பல. சுருட்டும் உழைப்பையும், வங்கிக்குச் சென்றுவரும் எரிபொருளையும் கணக்கிட்டால், மிஞ்சுவது சிறிது. போட்ட முதல் கைவிட்டுப் போவதில்லை என்பதே இதன் ஆறுதல். ஒன்றும் கிடைக்காவிடினும் ஐந்நூறு டாலர் ஐந்நூறு டாலராகவே நிற்கும். இழப்பது நேரம் மட்டுமே.

வங்கிப் பணியாளருக்கும் இதனால் தொல்லை உண்டு. கனமான பெட்டிகளைத் தருவிக்க வேண்டும். திரும்பி வருவதை எண்ண வேண்டும். சில வங்கிகள் கட்டணம் கேட்கின்றன, சில மறுத்துவிடுகின்றன. அனுபவமுள்ளோர் நாணயம் வாங்க ஒரு வங்கியையும், திருப்பிச் செலுத்த வேறொரு வங்கியையும் வைத்துக்கொள்வர். அவ்வாறன்றி ஒரே இடத்தில் கொடுத்து வாங்கினால், தாம் பார்த்து முடித்த நாணயங்களையே மறுபடியும் பார்க்க நேரும்.

இதில் எண்ணிப் பார்க்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. சில வேளைகளில் ஒரே கைச்சுருளில் இருபது நாணயங்களும் வெள்ளியாகவே இருப்பதுண்டு. தேடுபவருக்கு அது திருவிழா. ஆனால், பாட்டனார் ஒருவர் ஒவ்வொன்றாகச் சேர்த்ததை அதன் அருமை அறியாத பேரன் பத்து டாலராக மாற்றிக்கொண்டு சென்றதன் அடையாளமாகவும் அது இருக்கலாம். திருடப்பட்ட சேகரிப்பு அவ்வாறு வங்கிக்கு வருவதும் உண்டு. பேரங்காடிகளில் சில்லறை எண்ணும் இயந்திரங்கள் எடையும் உலோக இயல்பும் மாறுபடும் வெள்ளிக்காசை ஏற்காமல் கீழ்த்தட்டில் தள்ளிவிடும். செல்லாத காசு என்று கருதிப் பலர் அதை அங்கேயே விட்டுச் செல்கின்றனர். அடுத்து வருபவர் அத்தட்டை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்கிறார்.

இரவு நெடுநேரம் கழிந்தபின், பார்த்து முடித்த நாணயங்கள் புதிய காகிதத்தில் இருபது இருபதாகச் சுற்றப்படுகின்றன. மறுநாள் அவை வேறொரு வங்கியின் பெட்டகத்தை அடையும். அங்கிருந்து கடைக்கோ, இன்னொரு தேடுபவரின் மேசைக்கோ செல்லும். களைத்த கண்கள் தவறவிட்ட, மங்கிய சாம்பல் விளிம்புள்ள நாற்பது விழுக்காட்டு நாணயம் ஒன்று அவற்றின் நடுவே இருந்தாலும் இருக்கலாம்.